அந்தக் கல்லில் ஓடும் கோடு என்னுடையது

சினிமாக் கொட்டகையில் கழித்துப்போட்ட இரண்டு ஆர்க் விளக்குப் பெட்டிகளை எதிரும் புதிருமாக நிறுத்தி, இரும்பைக்கூட நிமிடத்தில் உருக்கும் சூளை ஒன்றைக் கட்டியவன் நான். உருகிய கல்லைச் சீராகச் சுழற்றத் தையல் மெஷின் மோட்டாரையும், மணிக்கு ஒரு நெல்மணி நீளம் மட்டும் கீழே இறக்கப் பழைய ரேடியோவின் டயல் சக்கரங்களையும் கோத்தவன் நான். பால் கேனுக்குள் பிளாஸ்க்கின் கண்ணாடிக் குடுவையை இறக்கி, திரவ நைட்ரஜன் தாங்கும் குளிர்ப்பெட்டி செய்தவன் நான். வெளிநாட்டிலிருந்து இறக்கினால் ஒரு கல்லூரியையே விற்க வேண்டிய சாமான்கள் அவை. படித்தது ஏழாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை.

ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், துறை மலருக்கு எழுதித் தரும்படி வீடு தேடி வந்தீர்கள். பழைய அனுபவங்கள், நாலு நல்ல வார்த்தைகள் என்றீர்கள். நல்ல வார்த்தைக்கு வேறு ஆளைப் பாருங்கள். அன்றைக்கு உங்கள் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக் கல்லூரிவரை வந்தேன் அல்லவா, அப்போதுதான் வராந்தாவில் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே என் சூளை. துடைத்து, பெயின்ட் அடித்து, கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். கீழே பித்தளைத் தகட்டில், ‘இத்துறையால் வடிவமைத்து உருவாக்கப்பட்டது’ என்று பொறித்திருக்கிறது.

துறையால். துறைக்குக் கை உண்டா? துறையின் புருவம் கருகியதா? என் இடது புருவத்தைப் பாருங்கள், பாதிதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் இருக்கும்போதுதான் எனக்கு விஷயம் வரிசையாக ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலைப் பக்கம் ஒரு கொட்டகையில் ஆப்பரேட்டராக இருந்தேன். ஊர்க்காரர்களுக்கு என் பெயரே ஆப்பரேட்டர்தான். இரண்டு கரித்தண்டுகளுக்கு நடுவே ஆர்க் என்ற மின்சுடரை எரியவிட்டுப் படம் காட்டும் காலம் முடிந்துகொண்டிருந்தது. நெய்யாற்றின்கரையில் எல்லாக் கொட்டகையும் செனான் பல்புக்கு மாறிவிட்டது. எங்கள் முதலாளி பல்பும் வாங்கவில்லை, கொட்டகையை விற்கவும் இல்லை, சும்மா பூட்டிவைத்தார். அந்தச் சமயத்தில்தான் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் வந்தார். சார் என்பது எங்கள் பக்கம் சாறு, எல்லாரும் அவரைப் பெரிய சாறு என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். பெயர் எழுதினால் கோபம் எனக்கு இன்னும் கூடும்.

அவருக்கு வேண்டியது விளக்குப் பெட்டிக்குள் இருக்கும் குழிந்த கண்ணாடி. ஒளியை ஒரு புள்ளியில் குவித்து, பொடியை அழுத்திச் சுட்ட ஒரு குச்சியை நடுவில் மட்டும் உருக்கி, அப்படியே உறையவிட்டு ஒரே படிகமாக வளர்க்க வேண்டும் என்றார்.

“கண்ணாடிய மட்டும் கழத்தித் தாரும் ஓய். மிச்சத்த நாங்க பாத்துக்கிடுவோம்” என்றார்.

“கண்ணாடிய கொண்டுபோயி எத வச்சி எரிப்பியோ சாறே?” என்று கேட்டேன்.

“கல்லூரியில கரண்ட் இல்லியா?”

“உண்டு உண்டு. பகல்ல சொல்லாம போவும். சாயங்காலம் சொல்லிட்டுப் போவும்.”

அப்போது கேரளத்தில் தினமும் அரை மணி நேரம் கரண்ட் வெட்டு. எல்லைக்கு அந்தப்பக்கம் களியக்காவிளையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், நாங்கள் இந்தப்பக்கம் இருட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். கல் வளர ஒரு பகல் முழுக்க வேண்டும். இடையில் ஒரு நொடி ஒளி அணைந்தால் உருகியது உறைந்து, குச்சி இரண்டாக ஒடிந்து, அன்றைய வேலை குப்பைக்குப் போகும். கொட்டகையில் ஜெனரேட்டர் உண்டு. ஆர்க்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் ரெக்டிபயர் உண்டு. கரி மூட்டை மூட்டையாக உண்டு. கண்ணாடியைக் கல்லூரிக்குக் கொண்டுபோவதைவிடக் கல்லைக் கொட்டகைக்குக் கொண்டுவருவதுதான் புத்தி என்று நான்தான் சொன்னேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இடத்தை முடிவு செய்தது நான்.

அடுத்த பிரச்சினை கரி. ஒரு ரீல் ஓடும் நேரம்தான் ஒரு ஜோடிக் கரி தாங்கும். பிறகு அணைத்து, புதுக் கரி மாட்ட வேண்டும். பெரிய சாறு இதைக் கேட்டதும் தலையில் கை வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொட்டகையில் இரண்டு புரொஜெக்டர் எதற்கு வைத்திருக்கிறோம்? ஒன்றில் ரீல் முடியும் முன்பே மற்றதை எரியவிட்டு, ஜனத்துக்குத் தெரியாமல் மாற்றிவிடுவோம். எனக்குத் தொழில் சொல்லித்தந்த பழைய ஆப்பரேட்டர் ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். திரை கறுக்கக் கூடாது, அவ்வளவுதான். கறுத்தால் கீழே இருந்து செருப்பு வரும்.

அதையே இங்கேயும் செய்தேன். இரண்டு பெட்டியும் எதிரெதிரே. நடுவில் குச்சி. இரண்டும் சேர்ந்து எரியும்போது குச்சியின் இடுப்பில் தேன்துளி போல ஒரு உருகல் நிற்கும். ஒன்றில் கரி தீரும்போது மற்றதன் கரண்டைக் கூட்டி, முழு பாரத்தையும் அதன் தலையில் ஏற்றி, கரி மாட்டி முடித்ததும் பழையபடி பங்கு வைத்துவிடுவேன். வெல்டிங் கண்ணாடி வழியாகத் துளியின் தொப்பையைப் பார்த்துக்கொண்டே கையால் கரியைத் தள்ள வேண்டும். தொப்பை தொங்கினால் சூடு கூடுதல். இறுகினால் குறைவு. மீட்டர் எதுவும் இதைச் சொல்லாது.

மூன்றாவது கல் வளரும்போது ஜெனரேட்டர் இருமத் தொடங்கியது. கொட்டகை மானேஜர் களியக்காவிளையிலிருந்து கேனில் வாங்கிவந்த டீசலில் தண்ணீர். ஒளி துடித்தது. துளி சுருங்கியது. மானேஜர் கீழே நின்று, “ஆப்பரேட்டரே, எறங்கி வாரும், மெஷின் சாவப்போவுது” என்று கூப்பிடுகிறார். எந்த மனுஷனும் சத்தம் வரும் இடத்துக்குத்தான் ஓடுவான். நான் ஓடவில்லை. ஜெனரேட்டரைப் பார்க்கப் போனால் மெஷின் பிழைக்கும், கல் செத்துவிடும். இரண்டு பெட்டியிலும் கரியை நெருக்கிப் பிடித்து, அணையப்போகும் ஆர்க்கைக் கையால் இழுத்து இழுத்து நிறுத்தினேன். ஒரு பெட்டி தெறித்துத்தான் என் புருவம் போனது. கீழே மானேஜர் என் அப்பன் பாட்டன் எல்லாரையும் ஏசிக்கொண்டே தண்ணீரை வடித்துவிட்டார். மெஷினும் பிழைத்தது, கல்லும் பிழைத்தது.

அபாயம் வரும்போது எங்கே சத்தம் என்று பார்க்காதீர்கள். எதை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று பாருங்கள். இந்த மலரில் நல்ல வார்த்தை என்று ஏதாவது வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லை வெட்டி மெருகேற்றியபோது உள்ளே கோடுகள் தெரிந்தன. கரி மாற்றிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. ஜெனரேட்டர் இருமிய இடத்தில் ஒரு தடித்த கோடு. ஒளி கொஞ்சம் ஆடியபோதெல்லாம், உறையும் கல்லில் கலந்திருந்த கால்சியம் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் போயிருக்கிறது. பெரிய சாறு அதை விரலில் பிடித்துக்கொண்டு, துறையில் எல்லாரும் கேட்கும்படி, “இது என்னவே, கல்லா வரிக்குதிரையா? ஆப்பரேட்டர் செல்லதாசுக்க கைவேலை” என்றார்.

கவனியுங்கள். அப்போது என் பெயர் முழுசாக வந்தது. அட்சரம் குறையவில்லை.

அந்தக் கல்லை அளந்தவள் பிந்து. நெய்யாற்றின்கரைப் பெண். பெரிய சாறிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வீட்டில் கல்யாணத்துக்கு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டம் முடியாமல் கழுத்தை நீட்டமாட்டேன் என்று பிடித்த பிடியில் நின்றாள். அண்ணன் என்ற அர்த்தத்தில் என்னைச் சேட்டா என்பாள். பாதி மலையாளம் பாதி தமிழ், நான் பேசுவதும் அப்படித்தான்.

அந்தக் கல்லின் கதையை எனக்குப் புரியும்படி சொன்னது அவள்தான். அது மாங்கனீசு ஆக்சைடு. அதோடு வாயில் நுழையாத பெயருள்ள ஒரு உலோகமும், அதில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கால்சியமும் சேர்த்திருக்கிறது. திரவ நைட்ரஜனில் முக்கினால் கரண்டை விடவே விடாது. வோல்ட்டைக் கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் சட்டென்று மனசு மாறி வழிவிடும். மின்தடை மலையிலிருந்து உருண்ட மாதிரி விழும். வோல்ட்டைக் குறைத்தாலும் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது, விட்ட வழியைக் கொஞ்சநேரம் விட்டபடியே நிற்கும். சூடு காட்டாமல், காந்தம் வைக்காமல், வெறும் மின்சாரத்தாலேயே ஒரு கல் குணம் மாறுகிறது. இப்படி ஒரு கல் இருந்தால் கம்ப்யூட்டர் அதிலேயே விஷயத்தை எழுதி வைத்துக்கொள்ளும் என்றாள்.

முதல் தடவை மின்தடை காட்டும் மீட்டரின் முள் சரிந்து விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பால் கேன் குளிர்ப்பெட்டியில் ஆவி பொங்கிக்கொண்டிருந்தது.

“சேட்டா, கண்டியளா? வீழ்ந்நு” என்றாள்.

“கம்பி விட்டுப்போச்சா இருக்கும் மோளே.”

“கம்பி விட்டா தடை கூடும் சேட்டா. இது கொறஞ்சது.”

அவளுக்கு ஒரு குழப்பம் மட்டும் உண்டு. ஒரே கல்லில் வெட்டிய துண்டுகளில் சிலது மாறும், சிலது எத்தனை வோல்ட் கொடுத்தாலும் அசையாது. ஏன் என்று தெரியவில்லை. ஆனாலும் பெரிய சாறு பொறுக்கவில்லை. தலைநகரில் நடந்த ஒரு கூட்டத்தில் போய் அறிவித்துவிட்டார். அங்கே வடக்கே பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து வந்த தமிழ்ப் பேராசிரியர் எழுந்து, இறக்குமதிச் சூளையில் மாசு மறுவில்லாமல் இதே கல்லை வளர்த்தோம், எங்களுடையது மாறவில்லை, உங்கள் கம்பி ஒட்டிய இடம் சூடாகியிருக்கும் என்றார். அதோடு விடவில்லை. நேரில் வந்து பார்க்கிறேன் என்றும் சொல்லிவிட்டார். அவர்தான் பிந்துவின் ஆய்வேட்டைத் திருத்தும் குழுவிலும் இருந்தார். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை.

கூட்டத்திலிருந்து திரும்பிய பெரிய சாறு கொட்டகை மாடிப்படி ஏறி வந்தார். அதற்கு முன்னால் ஒரு தடவையும் ஏறியதில்லை.

“ஓய், கோடில்லாத கல்லு வேணும். அந்த ஆளு முன்ன இந்த வரிக்குதிரைய வச்சா நாறிப்போவும்.”

“கோடு உள்ளதுதானே சாறே மாறுது?”

“ஒமக்கு என்ன தெரியும் மாறுறதும் மாறாததும்? கோடு இருந்தா அது குற்றம். குற்றமில்லாத கல்லக் கொண்டு வாரும்.”

இப்படிச் சொன்ன மனுஷன் பிற்பாடு என்ன எழுதினார் என்று வரும்போது இதை மறக்காதீர்கள்.

கோடில்லாத கல்லையும் வளர்த்தேன். முடியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நெய்யாற்றின்கரைக் கொட்டகையில் கழித்துப்போட்ட விளக்குப் பெட்டி ஒன்றைக் கெஞ்சி வாங்கிவந்து மூன்றாவதாக நிறுத்தினேன். எப்போதும் இரண்டு எரியும், மூன்றாவது ஓய்வு. ஒளியை மறைக்கும் தகட்டை விசிறி மாதிரி வெட்டி, ஒரு காட்சி மங்கி மறு காட்சி தெளிவதுபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒளியைக் கைமாற்றினேன். கல் கண்ணாடித் துண்டு போல வந்தது. இறக்குமதிச் சூளைக்காரன் என் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டிய கல். பெரிய சாறு அதை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, “ம்” என்றார். அது மட்டும்தான். பழைய வரிக்கல் துண்டுகளை எல்லாம் எறிந்துவிடச் சொன்னார். நான் எறியவில்லை. காலிக் கரிப் பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்து, எந்தத் துண்டு எந்த இடத்தில் வெட்டியது என்று அடையாளத்தோடு அடுக்கி வைத்தேன். என் புருவத்தைக் கொடுத்து வாங்கிய கல்லை எறிய அவர் யார்?

வடக்கத்திப் பேராசிரியர் வரும் நாள் வந்தது. திரவ நைட்ரஜனுக்குப் பக்கத்து மாட்டு ஆஸ்பத்திரிதான் கதி. காளை விந்தைக் குளிரில் வைக்க அங்கே பெரிய பாத்திரத்தில் நைட்ரஜன் வரும். அங்கே வேலைபார்த்த சுகுமாரன் எனக்குச் சேக்காளி. பிந்துவின் அளவுகளுக்கு அவ்வப்போது கொஞ்சம் ஊற்றித் தருவான். அன்றைக்குப் பாத்திரத்தில் அளவு குறைவு. சின்னக் கேனில் ஊற்றிக்கொண்டே எச்சரித்தான்.

“எலே செல்லதாசு, ஒனக்கக் கல்லு சூடானாலும் கல்லாத்தான் கெடக்கும். எனக்கக் காளைக்குள்ளது சூடாச்சுன்னா இந்த நாட்டுல ஒரு பசுவும் செனை பிடிக்காது, கேட்டியா? இதுக்குமேல ஒரு சொட்டு கேட்டு வரப்பிடாது.”

“வரமாட்டேன் மக்கா. இண்ணைக்கோட தீர்ந்துது.”

“தீர்ந்தாச் சரி. ஒங்க பெரிய சாறுக்கு வேணும்னா ஒரு குச்சி விந்து குடுத்து விடட்டா? சொபாவம் நன்னாவும்.”

சிரித்துக்கொண்டே கேனைச் சைக்கிளில் கட்டினேன். அதற்குப் பிறகு அன்று சிரிக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் வடக்கத்திப் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். பெரிய சாறு தூய கல்லைக் காட்டி, இது எங்கள் புதுக் கல் என்று பெருமையோடு சொன்னார். பிந்து கம்பி ஒட்டினாள். கரண்ட் கொடுக்க இரண்டு கம்பி, அளக்க வேறு இரண்டு கம்பி. கல் சூடாகிவிட்டது என்று யாரும் சொல்லக்கூடாதென்று, கண் இமைப்பதற்குள் நின்றுவிடும்படி வெட்டு வெட்டாக வோல்ட் கொடுத்தாள். அவ்வளவு ஜாக்கிரதை. கூட்டினாள். இன்னும் கூட்டினாள். எங்கள் சப்ளையில் உள்ள கடைசி வோல்ட்வரை போனாள். முள் அசையவில்லை.

பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பெரிய சாறு பிந்துவைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார்.

“மாணவிதான் முன்னாடி அளந்தது. கம்பி ஒட்டுறதில பிழை வந்திருக்கும்னு எனக்கும் சந்தேகம் இருந்தது.”

அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன். அழவில்லை. எரியும் ஆர்க்கில் காற்று பட்ட மாதிரி ஒரு தடவை மங்கியது, அவ்வளவுதான். ஒரே வாக்கில் அவளை ஆற்றில் இறக்கிவிட்டுத் தான் கரையில் நின்றுகொண்டார். மாறியது என்று கூட்டத்தில் முழங்கியவர் அவர். மாறவில்லை என்றதும் பிழை அவளுடையது.

வாசலில் நின்ற நான் வாயைத் திறந்தேன். உட்கார நாற்காலி தரமாட்டார்கள், வாசலில்தான் நிற்பேன்.

“சாறே, வரி உள்ளதை வைச்சுப் பாக்கணும்.”

“ஆப்பரேட்டர் வெளிய நில்லும்.”

“வெளியதான் நிக்கேன். வெளிய நிண்ணுதான் சொல்லுகேன். மாறுன கல்லு எல்லாம் வரி உள்ளதாக்கும். இதுல வரி இல்ல. நீருதான் வேண்டாம்னு சொன்னீரு.”

பிந்துவும் அப்போதே அதை நினைத்ததாகப் பிறகு சொன்னாள். நினைத்திருக்கலாம். வாயைத் திறந்தது நான்.

வடக்கத்திப் பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். “என்ன வரி? உள்ள வாங்க. சொல்லுங்க” என்றார். அந்த அறையில் அன்றைக்கு என்னை உள்ளே வரச் சொன்ன ஒரே ஆள் அவர். கரி மாற்றுவதைச் சொன்னேன். டீசலில் தண்ணீர் கலந்ததையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார்.

கேனில் நைட்ரஜன் அடியில் கிடந்தது. இன்னொரு துண்டைக் குளிர்விக்க மட்டும்தான் காணும். அதுவும் தோற்றால் முடிந்தது. நான் கேனோடு கொண்டுவந்திருந்த கரிப் பெட்டியைப் பிந்து திறந்து பார்த்தாள். எல்லாம் வரித் துண்டுகள். முன்பு மாறியவையும் உண்டு, மாறாதவையும் உண்டு. முன்பு மாறியவை எல்லாம் அடிபட்டு, ஓரம் பொரிந்து கிடந்தன. அவற்றை வைத்தால் பழைய சந்தேகமே திரும்ப வரும்.

“சேட்டா, ஏது?” என்றாள். எதை எடுக்க என்று, அவ்வளவுதான் கேட்டாள்.

மாறியவற்றையும் மாறாதவற்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மாறியதில் வரி ஒரு கம்பி இருந்த இடத்திலிருந்து மறு கம்பி இருந்த இடம்வரை நீளவாக்கில் ஓடியது. மாறாததில் குறுக்கே கிடந்தது. குறுக்கே கிடக்கும் வரப்பு தண்ணீரைத் தடுக்கும், நீள ஓடும் வாய்க்கால் கொண்டுபோகும். இதற்குப் படிப்பு வேண்டாம். அளக்காத துண்டுகளில் ஒன்று, ஜெனரேட்டர் இருமிய இடத்தில் வெட்டியது. தடித்த வரி அந்த அற்றத்திலிருந்து இந்த அற்றம்வரை நீள ஓடியது. அதை எடுத்தேன்.

“அதுதான் ஆக மோசம்” என்றார் பெரிய சாறு.

“ஆமா. ஆக மோசம் அதுதான்” என்று பிந்துவின் கையில் வைத்தேன்.

அவள் ஒட்டினாள். முக்கினாள். கூட்டினாள். பாதி வோல்ட்கூடப் போகவில்லை. முள் படுத்துவிட்டது.

வடக்கத்திப் பேராசிரியர் எழுந்து வந்து, தானே ஸ்விட்சைத் தொட்டு, இறக்கி, திரும்ப ஏற்றிப் பார்த்தார். கம்பிகளை மாற்றிப் பிடித்து அளந்தார். கடைசி ஆவி போகும்வரை விடவில்லை. பிறகு பெரிய சாறைப் பார்க்காமல் பிந்துவிடம் சொன்னார்.

“உங்க அளவு சரிம்மா. இந்தக் கோட்டைப் பத்தி எழுதுங்க. விஷயம் அதுலதான் இருக்கு.”

கோட்டில் கால்சியம் மாறி நிற்பதால், கரண்டுக்கு இணங்கும் சின்னச் சின்ன இடங்கள் அங்கே ஏற்கெனவே இருக்கும், வோல்ட் வந்ததும் அவை கைகோத்துப் பாதை போடும் என்று பிந்து பிறகு விளக்கினாள். பட்டம் வாங்கினாள். அந்தக் கணக்கு எல்லாம் அவளுடையது, அதில் எனக்குப் பங்கு இல்லை. கேட்கவும் மாட்டேன்.

என் பங்கைத்தான் கேட்கிறேன்.

கட்டுரை வந்தது. பிந்து வாசித்துத் தமிழில் சொன்னாள். ‘ஒளியைத் திட்டமிட்டு ஏற்றி இறக்குவதன் மூலம் படிகத்தில் வேண்டிய இடங்களில் கோடுகள் ஏற்படுத்தப்பட்டன.’ திட்டமிட்டு. ஏற்படுத்தப்பட்டன. குற்றமாக இருந்தவரை செல்லதாஸின் கைவேலை. குணமானதும் அதுவாகவே ஏற்பட்டுவிட்டது. கரியை யாரும் தள்ளவில்லை. புருவம் யாருக்கும் போகவில்லை. எழுதியவர்களின் பட்டியலில் பெரிய சாறு முதலில், பிந்து இரண்டாவது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் திரவ நைட்ரஜன் தந்ததற்காக மாட்டு ஆஸ்பத்திரி. காளைக்கு உள்ள மரியாதை எனக்கு இல்லை. சுகுமாரன் அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னைக் கண்டால் மாடு மாதிரிக் கத்தினான்.

பெரிய சாறிடம் நேரில் போய்க் கேட்டேன்.

“பட்டதாரி இல்லாத ஆளுக்க பேர எப்பிடி ஓய் போடியது? ஒரு முறை உண்டுல்லா.”

“வரிக்குதிரைன்னு சொல்லும்போ என் பட்டத்தக் கேட்டியளா சாறே?”

பேப்பரைப் புரட்டினார்.

பிந்துவும் எனக்குச் செய்தது முழுசு இல்லை. இப்போது அவள்தான் உங்கள் துறைத் தலைவி, இதை அவளும் வாசிக்கட்டும். அவள் ஆய்வேட்டில் ‘உதவி புரிந்த திரு. செல்லதாஸ் அவர்களுக்கு நன்றி’ என்று எழுதினாள். அன்போடுதான் எழுதினாள். ஆனால் உதவி என்றால் என்ன? சாக்கைத் தூக்கும்போது மறுமுனையைப் பிடிப்பது உதவி. நான் மறுமுனையைப் பிடிக்கவில்லை. சாக்கே என்னுடையது.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு காரியம்தான் உண்டு. யாரோ குற்றம் என்று பெயர் வைத்ததற்காக ஒரு துண்டையும் எறியாதீர்கள். அடையாளத்தோடு எடுத்து வையுங்கள். அடுத்தது, பிழையை உங்கள் தலையில் கட்டும்போது உங்கள் பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்று நன்றாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதே பெயரை, அதே அட்சரங்களோடு, காரியம் நடந்த பிறகும் சொல்லவையுங்கள். பணிவாகக் கேட்டால் கிடைக்கும் என்று நானும் இருபது வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். கிடைத்தது கண்ணாடிப் பெட்டியும் துறையால் என்ற சொல்லும்தான்.

அச்சில் போன கட்டுரையை இனித் திருத்த முடியாது என்பீர்கள். சரி, விட்டேன். தகட்டைத் திருத்தலாம். அதை நாலு ஸ்க்ரூதான் பிடித்திருக்கிறது, பார்த்துவிட்டேன். புதுத் தகட்டில் எழுத வேண்டியது இது:

‘இந்தச் சூளையைக் கட்டியவர், இதில் கல் வளர்த்தவர், மின்சாரத்தால் மாறும் அந்தக் கல்லில் உள்ள கோடுகளை இட்டவர்: ஞா. செல்லதாஸ், சினிமா ஆப்பரேட்டர், காரோடு கிராமம்.’

மலர் வெளியீட்டுக்கு வருவேன். பழைய தகடு அங்கேயே இருந்தால் ஸ்க்ரூ ட்ரைவரோடுதான் வருவேன். புதியது அடிக்கும்போது ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். உதவி என்ற சொல் அதில் எங்கேயும் வரக் கூடாது.